பத்தூர் அக்கா வந்து உட்கார்ந்தார்

எழுதிப் பிழைக்கிறவர்களில் சொன்ன தொகையை, ஒரு பைசா குறையாமல், முழுசாக வாங்கிய ஒரே பிறவி இந்த உலகத்திலேயே பத்தூர் அக்கா ஒருவர்தான். உலகம் என்பது உங்களுக்கு அதிகமாகப் பட்டால் புதுச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே என்னால் குறைக்க முடியாது.

பத்தூர் என்பது ஊர் இல்லை. பிரெஞ்சில் பில்லுக்கு ‘ஃபக்த்யூர்’ என்று பெயர். அக்கா யாரோடு பேசினாலும், “ஃபக்த்யூர் அனுப்புனேனே, பாத்தீங்களா?” என்றுதான் தொடங்குவார். வணக்கம், சௌக்கியமா எல்லாம் அப்புறம்தான். அச்சகத்துக்காரர்கள் அவரை ஃபக்த்யூர் அக்கா என்றார்கள். டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அது பத்தூர் அக்கா ஆகிவிட்டது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கோ பத்தூர் என்று ஒரு ஊர் இருப்பதாகவும், அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருமே இப்படித்தான் என்றும் நம்பியவர்கள் உண்டு. நானே ஆறு மாதம் நம்பினேன்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களை ‘சொல்தா’ என்போம். அவர் இறந்த பிறகு அக்காவுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஒரே மகளும் அங்கேதான். அக்கா மட்டும் முத்தியால்பேட்டையில் தனியாக இருந்துகொண்டு, தமிழ், பிரெஞ்சு, இங்கிலீஷ் மூன்றிலும் எது கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். ஹோட்டல் மெனு, டாக்டர் வெப்சைட், நகைக்கடை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி. கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் முழுப் பணமும் முன்கூட்டியே வைக்க வேண்டும்.

“துக்கம் ஆறிப்போச்சுன்னா எவனும் தரமாட்டான் தம்பி,” என்பார்.

நானும் அதே தொழில்தான். வித்தியாசம் என்னவென்றால், அக்கா எழுத உட்காருவதற்கு முன்பே பில்லை எழுதி முடித்துவிடுவார். நான் எழுதி முடித்துக் கொடுத்துவிட்டு, பில் அனுப்பலாமா, அனுப்பினால் தப்பாக நினைப்பார்களா என்று இரண்டு மாதம் யோசிப்பேன்.

அவரை முதன்முதலாகப் பார்த்தது கடற்கரைப் பக்கம், பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை மாற்றி நடத்திக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலில். மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூ, உள்ளே நுழைந்தால் பிரம்பு நாற்காலிகள். அந்த ஹோட்டலின் பன்னிரண்டு அறைகளுக்கும் அறைக்கு ஒரு கதை எழுதிக் கொடுத்திருந்தேன். இந்த அறையில் ஒரு பிரெஞ்சுத் தளபதி காதலிக்காக அழுதார், அந்த அறையில் ஒரு சீமாட்டி வயலின் வாசித்தார் என்று எல்லாம் நானே அழுது, நானே வாசித்தது. கதைக்கு நாலாயிரம் வீதம் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எப்போது போனாலும் வரவேற்பில் இருந்த மேனேஜர் ஒரே பதிலைச் சொல்வார்.

“முதலாளி டூர்ல இருக்காரு சார்.”

அன்றைக்கும் அதையே சொன்னார். சரி, வந்ததற்கு ஐந்து நிமிடம் ஏ.சி.யில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் பூப்போட்ட கவுனும் கான்வாஸ் ஷூவும் போட்ட ஒரு பெண்மணி மடியில் துணிப்பையோடு இருந்தார். சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது. அவர் பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்துத் திறந்தார்.

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

லாவெண்டர் வாசனை அடித்துக்கொண்டிருந்த அந்தக் கூடம் மூன்றே நிமிடத்தில் மீன் காயும் வைத்திக்குப்பத்துக் கடற்கரையாகிவிட்டது. மேனேஜர் ஓடிவந்தார்.

“மேடம், மேடம்! இங்க சாப்பிடக் கூடாது மேடம்!”

“வூட்டுக்குப் போய்ச் சாப்ட்டுட்டு வந்தா நேரமாவும்ல? முப்பது நாள்ல பணம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. இன்னிக்கு அறுபத்து நாலு. இனிமே மூணு வேளையும் இங்கதான். ராத்திரிக்கு இட்லி கொண்டாந்துருக்கேன். பயப்படாதீங்க, அது நாறாது.”

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இறங்கி வந்தார்கள். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் நின்று, மூக்கை உறிஞ்சி, பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அக்காவும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லி, மூடியில் கொஞ்சம் சோறும் குழம்பும் போட்டு நீட்டினார். தம்பதி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, நேராக மேனேஜரிடம் போய், இது உங்கள் மெனுவில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள்.

கால் மணி நேரத்தில் அக்கா கையில் செக் இருந்தது. மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் இவங்க கூடத்தான் வந்தீங்களா சார்?”

என் வாழ்க்கையிலேயே மகத்தான வாய்ப்பு அது. நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“சேச்சே, இல்லீங்க,” என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா என்னைக் கடற்கரைச் சாலைவரை விரட்டிக்கொண்டே வந்தார். “பைத்தியமா நீ? உனக்கும் தரணுமா அவன்? வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?” என்றார். நான் சும்மா இருக்கவில்லை, மாதா மாதம் நினைவூட்டல் அனுப்புகிறேன் என்று பெருமையாக போனை எடுத்துக் காட்டினேன். அக்கா கையால் வெயிலை மறைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். “தங்கள் மேலான கவனத்திற்கு. தொந்தரவுக்கு மன்னிக்கவும். அவசரம் ஏதுமில்லை.”

படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு திகைப்பை நான் மனித முகத்தில் பார்த்ததில்லை.

“அவசரமில்லைன்னு நீயே எழுதியிருக்கியே. அவரு நம்பிட்டாரு.”

அதிலிருந்து பழக்கம். பழகப் பழகத்தான் கருவாட்டுக் குழம்பெல்லாம் அக்காவின் அகிம்சை முறை என்று தெரிந்தது. வில்லியனூர் ரோட்டில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த ஒருவர், அக்காவிடம் விளம்பரத் தாள் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் தராமல் இழுத்தார். அக்கா எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு பத்தியிலும் கடைசி வாக்கியத்தைப் பாதியில் வெட்டிவிட்டார். மனிதர் படித்துப் பார்ப்பார், கேட்பார், பணம் வரும் என்பது கணக்கு. அவர் படிக்கவே இல்லை. நேராக அச்சடித்து, மூலக்குளம் முழுக்க வீடு வீடாகப் போட்டுவிட்டார். எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று விழுந்தது. ‘எங்கள் குடியிருப்பில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. அது என்னவென்றால்’ என்பதோடு முடிந்திருந்தது. கீழே போன் நம்பர்.

மறுநாள் அந்த மனிதர் அக்காவுக்கு போன் பண்ணி அலறியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: “மீதி வரியெல்லாம் ரெடியா இருக்குது சார். ஃபக்த்யூரப் பாத்துட்டீங்கன்னா உடனே அனுப்பிடறேன்.” அதைவிட அதிர்ச்சி, அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஊரே அவருக்கு போன் செய்ததுதான். அந்தச் சிறப்பு என்னவென்று தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் தூக்கம் வரவில்லை. இரண்டு பேர் வீடே பதிவு செய்தார்கள். மனிதர் பணத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவையும் அதே மாதிரி பாதியில் நிறுத்தி எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அக்கா, அதற்குத் தனி ரேட் என்றார்.

வாங்குவதில் இப்படி என்றால் செலவு செய்வது இன்னும் பயங்கரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திக்குப்பத்தில் படகு வந்ததும் மீன் வாங்கப் போவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்தவர், “இது அந்தப் பல் டாக்டரு வெப்சைட்டு. மார்ச்சுல எழுதுனது,” என்றார். அப்போது ஜூலை. எனக்குப் புரியவில்லை.

“இந்த மாசம் வர்ற காச இந்த மாசம் தொடவே மாட்டேன் தம்பி. நாலு மாசம் உள்ள கெடக்கும். இன்னிக்கு நான் திங்கற மீனு மார்ச்சுல எழுதுனது. அதனால எவனாவது ரெண்டு மாசம் இழுத்தான்னு வச்சிக்கோ, எனக்குக் கோவம் வருமே தவிர பசி வராது. நீ எந்த மாச மீனத் திங்கற?”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டில் எல்லாமே கிரெடிட் கார்டில் வாங்கியது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் எழுதப்போகும் மீனை நான் இப்போதே தின்றுகொண்டிருந்தேன். அக்காவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சங்கரா மீனில் கால் கிலோ மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் நாற்பத்தெட்டாயிரத்துக்கு அக்காவே ஒருநாள் புறப்பட்டார். “நல்ல சட்டையாப் போட்டுட்டு வா,” என்றார். ஹோட்டல் வாசலில் காவலாளி எங்களைப் பார்த்ததும் கையை விரித்து மறித்தான். டிபன் கேரியரை உள்ளே விடக் கூடாது என்று அவனுக்கு உத்தரவாம். அக்கா வெறும் கையை விரித்துக் காட்டினார். “சாப்பிட வந்துருக்கோம்ப்பா. காசு குடுத்து.”

உள்ளே ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து அவர் ஆர்டர் செய்யச் செய்ய நான் மெனுவில் விலையைப் பார்த்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். சூப், இறால், ஆட்டுக்கறியில் ஏதோ ஒன்று, பெயரே சொல்லத் தெரியாத ஒரு ரொட்டி. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

“சாப்பிடு,” என்றார் அக்கா. “இது உன்னோட மூணாவது ரூம் கதை.”

பில் வந்தது. மூவாயிரத்து எண்ணூற்று அறுபது. அக்கா அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதி மேனேஜரிடம் நீட்டினார். “இவருக்கு நீங்க நாப்பத்தெட்டாயிரம் தரணும். இதக் கழிச்சா நாப்பத்து நாலாயிரத்து நூத்தி நாப்பது. நாளைக்கும் வருவோம். அப்படியே பன்னெண்டு கதையும் தின்னு முடிச்சிட்டுப் போறோம்.”

மேனேஜர் பரிதாபமாக, “முதலாளி டூர்ல...” என்று ஆரம்பித்தார். அப்போது பக்கத்து மேசையில் இருந்த ஒருவருக்குப் புரையேறியது. நான் திரும்பிப் பார்த்தேன். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சாட்சாத் முதலாளி. இத்தனை மாதமாக டூரில் இருந்தவர் என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்!

மனிதர் சமாளித்துக்கொண்டு சிரித்தார். “என்ன சார், நாமெல்லாம் ஒரே ஃபேமிலி மாதிரி. இதுக்குப் போயி...”

“ஃபேமிலியா?” என்றார் அக்கா. “அப்ப மேல ஒரு ரூம் சாவியக் குடுங்க. இவரு சம்சாரம், கொழந்தையெல்லாம் கூட்டியாந்து இங்கயே இருந்துக்கட்டும்.”

முதலாளி அக்காவை நன்றாகப் பார்த்தார். “மேடம், நீங்க சொல்தா வீட்டம்மாதான? உங்களுக்குத்தான் யூரோல பென்ஷன் வருதே. நீங்க எதுக்கு மேடம் இந்த மாதிரி ஹோட்டல் ஹோட்டலா அலையறீங்க?”

நான் பயந்து போனேன். அக்காவுக்கு மனசு நொந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: “அது என் வூட்டுக்காரரு துப்பாக்கி தூக்குனதுக்கு. இது நான் பேனா தூக்குனதுக்கு. இவரு தூக்குனதுக்கு நீங்க எப்பத் தரப் போறீங்க?”

“பாதி இப்பப் போட்டுடறேன் மேடம். மீதி...”

“அப்ப ஐஸ்கிரீம் கொண்டாரச் சொல்லுங்க. பாதிப் பணத்துக்கு எழுந்து போவ முடியாது.”

இரண்டாவது கப் ஐஸ்கிரீம் வருவதற்குள் என் போன் ‘டிங்’ என்றது. நாற்பத்தெட்டாயிரமும் முழுசாக வந்திருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் அக்கா கவுன் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்து, சாப்பாட்டு பில்லுக்கு ஐஸ்கிரீமையும் சேர்த்துப் பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். பரிமாறியவருக்கு டிப்ஸ் இருநூறு. முதலாளி, மேனேஜர், நான் மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

“இன்னா பாக்கறீங்க? சாப்ட்டா காசு குடுக்க வேணாமா?” என்றார்.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது அதற்கு மேலும் இருக்கிறது.

நாற்பத்தெட்டாயிரம் வந்த வேகத்தில் கூடத்துக்கு ஏ.சி., எனக்குப் புது போன் என்று பத்தே நாளில் கரைந்தது. அடுத்து விருந்தினர் விடுதி வைத்திருந்த ஒருவருக்கு மூன்று மொழியில் வெப்சைட் எழுதித் தருவதாகப் பெரிய வேலை ஒன்றை எடுத்தேன். பிரெஞ்சுப் பகுதியை அக்காவிடம் கொடுத்தேன். பதினெட்டாயிரம் பேசினோம். பதினைந்து நாளில் பணம் தருவதாக நானே கையெழுத்துப் போட்டேன். அக்கா எட்டாம் நாளே எழுதி அனுப்பிவிட்டார். விடுதிக்காரர் எனக்கு ஒரு பைசா தரவில்லை. நானும் அக்காவுக்கு, கொஞ்சம் தாமதமாகும் என்று ஒரு செய்தி தட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். நம் அக்காதானே.

பதினாறாம் நாள் காலை ஏழரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. என் மனைவி செல்வி கதவைத் திறந்தாள். பூப்போட்ட கவுன். கான்வாஸ் ஷூ. கையில் டிபன் கேரியர்.

செல்விக்கு ஒரே சந்தோஷம். “வாங்கக்கா, வாங்க! இன்னா காலைலயே? விசேஷமா?”

அக்கா சோபாவில் உட்கார்ந்து கேரியரைக் காலடியில் வைத்தார். “விசேஷம்லாம் ஒண்ணுமில்லம்மா. உன் வூட்டுக்காரரு எனக்குக் காசு தரணும். வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

நான் ஓடிப்போய்க் குசுகுசுத்தேன். “அக்கா, கிளையண்ட்டு இன்னும் தரலக்கா. வந்த ஒடனே ஒங்களுக்குத்தான் மொதல்ல. நமக்குள்ள என்னக்கா...”

அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. “நான் உன் கிளையண்ட்டுக்கா எழுதிக் குடுத்தேன்? உனக்கில்ல குடுத்தேன்? நமக்குள்ளயா? ஒரே ஃபேமிலின்னு அந்த ஓட்டல்காரன் உங்கிட்டச் சொன்னப்ப உனக்கு எப்படி இருந்திச்சி?”

அந்த அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் வந்து நின்ற செல்வி என்னைப் பார்த்தாள். “குடுத்துடுங்களேன். பேங்க்ல எவ்ளோ இருக்குது?”

நான் ஏ.சி.யின் ரிமோட்டைத் தேடுவது போல நடித்தேன்.

“எவ்ளோ இருக்குதுன்னு கேட்டேன்.”

“ஆயிரத்து நூறு சொச்சம்.”

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அதெல்லாம் தயாராக இருக்கிறது என்று நான் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. சுவரில் மாட்டியிருந்த புது ஏ.சி.யை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இந்த ஆள் யார் என்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் நான் கனவிலும் நினைக்காதது நடந்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது. “இவளுக்குத் தெரியாதா?” என்று என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சரி, நான் இன்னொரு நாளைக்கு வாங்கிக்கறேம்மா.”

பணம் வாங்காமல் பத்தூர் அக்கா எழுந்ததை இந்த உலகத்தில் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

“உக்காருங்கக்கா,” என்றாள் செல்வி. அவள் பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். சத்தம் போட்டுப் பேச மாட்டாள். ஆனால் அந்த ‘உக்காருங்க’வில் அக்காவே டக்கென்று உட்கார்ந்துவிட்டார். “நீங்க காசு வாங்கிட்டுத்தான் போவணும். ஏங்க, அந்த லேப்டாப்ப எடுத்தாங்க. உங்களுக்கு யாரு யாரு தரணும்னு காட்டுங்க.”

சாப்பாட்டு மேசையில் எனக்கு விசாரணை நடந்தது. ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் செல்வி. ஒரு மணி நேரம் தோண்டியதில் ஏழு பேர் எனக்குத் தர வேண்டியிருந்தது தெரிந்தது. மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்து மூவாயிரம். எனக்கே அந்தத் தொகை அன்றைக்குத்தான் தெரியும்.

“இந்த மூணு பேருக்கு ஃபக்த்யூர் தேதி போடலியே?” என்றார் அக்கா.

“அவங்களுக்கு இன்னும் பில் அனுப்பலக்கா.”

“எப்ப எழுதிக் குடுத்த?”

“போன தீபாவளிக்கு.”

“ஏன் அனுப்பல?”

“கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சி.”

“மோன் தியே!” என்று கத்திக்கொண்டு அக்கா நெஞ்சில் கையை வைத்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிரெஞ்சில் அதற்குக் கடவுளே என்று அர்த்தம். “செல்வி, தண்ணி குடும்மா. எனக்குப் படபடன்னு வருது. பில்லே அனுப்பலையாம்! இவன் பில்லே அனுப்பலையாம்!”

செல்வி தண்ணீரைக் கொடுத்துவிட்டு என் புது போனை எடுத்தாள். பட்டியலில் முதல் ஆள் ஒரு தோல் டாக்டர். அவருடைய வெப்சைட்டுக்கு நான் எழுதி எட்டு மாதமாகிறது. நான் வேண்டாம், வேண்டாம் என்று கையாட்டினேன். அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

“வணக்கம் டாக்டர். எழுத்தாளர் ஆபீஸ்லேர்ந்து அக்கவுண்ட்ஸ் பேசறேன். இன்னிக்கு சாயந்தரத்தோட வரவு செலவ முடிக்கிறோம். எல்லாருமே குடுத்துட்டாங்க, உங்க பேரு மட்டும்தான் செவப்பு மையில நிக்குது. பாக்கறதுக்கு நல்லா இல்ல, அதான் கூப்ட்டேன். பதினோரு மணிக்குள்ள முடியுமா டாக்டர்? சரிங்க டாக்டர். ரொம்ப நன்றிங்க.”

என் மனைவிக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஓர் ஆபீஸ் இருந்ததும் எனக்குத் தெரியாது. அக்கா மட்டும் ஒரு சங்கீத வித்வானைக் கேட்பது போலக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாற்பதுக்கு ‘டிங்.’ இருபத்திரண்டாயிரம். செல்வி என் கையில் போனைக் கொடுத்தாள். நான் அந்த இடத்திலேயே பதினெட்டாயிரத்தை அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா தன் போனில் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லை. ஒரு நாள் தாமதம் என்று ரசீதின் ஓரத்தில் எழுதவும் மறக்கவில்லை.

அதன் பிறகும் அவர் போகவில்லை. மற்ற ஆறு பேருக்கும் செல்வி போன் போடுவதை இருந்து கேட்டுவிட்டு, மத்தியானம் எங்களோடு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். சாயந்தரத்துக்குள் இன்னும் இரண்டு பேர் பணம் போட்டார்கள். மகளுக்குப் பணம் கட்டினோம். செல்வி என்னோடு சரியாகப் பேச மூன்று வாரம் ஆனது. பேசிய முதல் நாளே, இனிமேல் பில் அவள்தான் போடுவாள் என்று சொல்லிவிட்டாள். இன்றுவரை அப்படித்தான். இது ஆகஸ்ட். இப்போது நாங்கள் ஏப்ரல் மாதத்து மீனைத் தின்றுகொண்டிருக்கிறோம்.

போன வருஷம் அக்காவின் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அக்கா பிரான்சுக்கே போய்விட்டார். துலூஸ் பக்கம் ஏதோ ஊர். அங்கேயும் சும்மா இருப்பாரா? ஏதோ சங்கத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். போன வாரம் ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

“இங்க ஒண்ணும் சரியில்ல தம்பி.”

எனக்குப் பகீரென்றது. “என்னக்கா? உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இங்க இருக்கறவனுங்க முப்பது நாளுன்னா முப்பதாவது நாளு காசப் போட்டுடறானுங்க. போன மாசம் ஒருத்தன் இருபத்தொம்பதாவது நாளே போட்டுட்டான். நான் எங்கன்னு போயி உக்காருவேன்? யாருகிட்டன்னு பேசுவேன்? பேத்தி தூங்குனா இந்த வூட்ல ஒரு சத்தம் இல்ல.”

பிறகு அவரே, “உனக்கு யாராச்சும் தரணுமா?” என்று கேட்டார். கேட்டதில் ஒரு நப்பாசை இருந்தது.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த செல்வியைப் பார்த்தேன். அவள் பில் நோட்டைப் பார்க்காமலே, இல்லை என்று தலையாட்டினாள்.

“ஆமாக்கா,” என்றேன். “மூணு பேரு. அதுல ஒருத்தன் ரொம்ப மோசம்.”

“எத்தினி நாளாவுது?”

“எம்பது.”

“எம்பதா!” அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. குரல் பழையபடி வந்துவிட்டது. “எம்பது நாளா நீ இன்னா பண்ணிட்டிருந்த? இரு, டிசம்பர்ல டிக்கெட்டு எவ்ளோன்னு பாக்கறேன்.”

அன்றைக்கு எனக்கு ஒருவர்கூட ஒரு பைசா தரவேண்டியிருக்கவில்லை.